மறுத்தார், மறுத்தார், மறுத்தார்

இரவு பத்தரைக்கு வரும் மொழிபெயர்ப்பு வேலையை எடுக்கவே கூடாது என்று எத்தனையோ தடவை முடிவு செய்திருக்கிறேன். போன மாதமும் ஒன்றை எடுத்தேன். ஒரே பக்கம்தான். வாடிக்கையாளர் ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதிய புகாருக்கு ஒரு நிறுவனம் தரும் பதில் அறிக்கை. மலாயும் சீனமும் தயார், தமிழ்தான் பாக்கி, காலை எட்டு மணிக்குள் வேண்டும் என்றார்கள். தமிழ் என்றைக்குத்தான் பாக்கியில்லாமல் இருந்தது?

அந்த அறிக்கையின் இரண்டாவது வாக்கியத்தில், குற்றச்சாட்டுகளை நிறுவனம் 'ரெஃப்யூட்' (refute) செய்கிறது என்று இருந்தது. நான் 'மறுக்கிறது' என்று போட்டு, நள்ளிரவில் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலை ஏழே முக்கால். செங்காங் எம்ஆர்டி ரயில் மேடையில் நிற்கிறேன், போன் வந்தது. அறிக்கைக்குப் பொறுப்பான பெண். நல்ல பெண், மரியாதையாகத்தான் பேசினார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் தமிழைக் கணினியில் போட்டு மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்த்திருக்கிறார். 'டினை' (deny) என்று வந்திருக்கிறது. "நாங்கள் எழுதியது ரெஃப்யூட். இது பலவீனமாக இருக்கிறதே, தமிழில் இன்னும் கனமான சொல் இல்லையா?" என்றார்.

"அறிக்கையோடு வேறு ஏதாவது இணைத்திருக்கிறீர்களா? ரசீது, தேதி, படம், இப்படி?"

"இல்லை. ஏன்?"

"அப்படியென்றால் நீங்கள் டினைதான் செய்திருக்கிறீர்கள்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அதற்குள் ரயில் வந்துவிட்டது. உட்கார இடமும் கிடைத்தது. பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவர் கேட்டதில் தப்பில்லை. 'மறு' என்ற நம் வினைச்சொல் ஒரே சட்டையில் மூன்று பேர் நடமாடுவது மாதிரி. "சாப்பிட மறுத்தான்" என்றால் மாட்டேன் என்றான். "சாப்பிட்டதை மறுத்தான்" என்றால் இல்லை என்றான். முன்னால் 'சாப்பிட' என்ற செயவென் எச்சம் வந்தால் ஒரு பொருள், இரண்டாம் வேற்றுமை 'ஐ' வந்தால் இன்னொரு பொருள். மூன்றாவது ஆள் பெரும்பாலும் எதிர்மறையில்தான் முகம் காட்டுவார்: "மறுக்க முடியாத ஆதாரம்." இங்கே 'மறு' என்பது வெறுமே இல்லை என்று சொல்வதல்ல. வாய் இருந்தால் எந்த ஆதாரத்தையும் எவரும் இல்லை என்று சொல்லலாமே, அதில் 'முடியாத' என்ன இருக்கிறது? பொய் என்று காட்ட முடியாத ஆதாரம் என்றுதான் சொல்ல வருகிறோம். ரெஃப்யூட் என்பதன் கறாரான பொருள் அந்த மூன்றாவது ஆள்தான். எதிராளி சொன்னது தவறு என்று எடுத்துக்காட்டி நிறுவுவது. வாயால் இல்லை என்று சொல்வதோடு நின்றுவிட்டால் அது டினை.

'மறுதலி' என்று எழுதினால் கனமாக இருக்குமே என்று சிலர் நினைப்பார்கள். நீளமாக இருக்கிறது, கனம் இருக்கிறதா? தமிழ் பைபிளில் சேவல் கூவுவதற்குள் பேதுரு மூன்று முறை செய்வது மறுதலிப்புதான். அந்த மனிதரை எனக்குத் தெரியாது என்று அவர் பயத்தில் சொன்னார். எதையும் நிறுவவில்லை, நிறுவவும் முடியாது, ஏனென்றால் சொன்னது பொய். உலகத்திலேயே பெயர்போன டினை அது. அந்தச் சொல்லைப் போய் ஒரு நிறுவனத்தின் ரெஃப்யூட்டுக்குக் கொடுத்தால் கிறிஸ்தவ வாசகர் ஒருவராவது சிரிப்பார்.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது பல வருடங்களுக்கு முன்பு, சட்ட ஆவணங்கள் சிலவற்றை மொழிபெயர்த்தபோதுதான். செய்தித்தாளில் நாம் தினமும் படிக்கும் "குற்றத்தை மறுத்து விசாரணை கோரினார்" என்ற வரியில் இருப்பது இல்லை என்று சொல்லும் மறுப்பு. அதைச் சொல்ல ஆதாரம் தேவையில்லை, நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்புக்கு. ஆனால் சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டத்தில் வேறு ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவர் 2 கிராமுக்கு மேல் டயமார்ஃபின் என்ற போதைப்பொருளை வைத்திருந்தது நிரூபணமானால், கடத்துவதற்காகத்தான் வைத்திருந்தார் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டும் பாரம் அவர் தலையில். இதை ஆங்கிலத்தில் அனுமானத்தை 'ரிபட்' (rebut) செய்வது என்பார்கள். அங்கே "நான் மறுக்கிறேன்" என்று நூறு தடவை சொன்னாலும் அனுமானம் அசையாது. முதல் வரைவில் இரண்டு இடத்திலும் நான் 'மறு' என்றே எழுதியிருந்தேன். சரிபார்த்த பெரியவர் இரண்டாவதைச் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்பினார். 'பொய்யென நிறுவ வேண்டும்' என்று மாற்றினேன். ஒரு உயிர் சம்பந்தப்பட்ட வாக்கியத்தில் அந்தக் கேள்விக்குறி விழாமல் போயிருந்தால் என்று இப்போதும் சில நேரம் யோசிப்பேன்.

நம் 1893ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 3ஆம் பிரிவும் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு விஷயம் நிரூபிக்கப்பட்டிருக்கலாம், பொய்யென நிரூபிக்கப்பட்டிருக்கலாம், அல்லது இரண்டுமில்லாமல் வெறுமே நிரூபிக்கப்படாமல் இருக்கலாம் என்று மூன்றாகப் பிரித்து விளக்குகிறது. அந்த மூன்றாவது அறையில்தான் உலகத்தின் பெரும்பாலான பேச்சு குடியிருக்கிறது. ஃபேஸ்புக் முழுக்கவும் அங்கேதான்.

சரி, கதைக்கு வருகிறேன். சொன்னபடி திருப்பிக் கூப்பிட்டேன். இரண்டு வழி சொன்னேன். தேதிகளையும் ரசீதுகளையும் அறிக்கையில் சேருங்கள், 'ஆதாரங்களுடன் மறுக்கிறது' என்று எழுதித் தருகிறேன், கனமாகவும் இருக்கும், உண்மையாகவும் இருக்கும். இல்லையென்றால் 'மறுக்கிறது' என்பதே இருக்கட்டும். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. மேலே ஆதாரம் எதுவும் சேர்ப்பதாக இல்லை. ஆனால் அழுத்தம் வேண்டும். 'ஸ்ட்ராங்லி' என்பதற்குத் தமிழில் ஏதாவது போடலாமா?

போடலாம். வன்மைக்கு ரசீது தேவையில்லை. "வன்மையாக மறுக்கிறது" என்று போனது. அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் பணம் வந்துவிட்டது.

அந்த வாரமே சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், ஈசூனில். அக்கா மகள் உயர்நிலை மூன்று படிக்கிறாள், பள்ளி விவாதக் குழுவில் இருக்கிறாள். மாணவர்களுக்குப் பள்ளியில் கைப்பேசி தேவையா என்பது தலைப்பு. நம் ஊரில் விவாத அணிகளை ஒட்டி, வெட்டி என்றுதான் சொல்வோம். இவள் வெட்டிப் பேசும் அணி. (வெட்டிப் பேச்சு என்று அவள் அப்பா கிண்டல் செய்து, வாங்கிக் கட்டிக்கொண்டார்.) புளோக்குக்குக் கீழே கல்மேசையில் உட்கார்ந்து பயிற்சி. என்னை எதிரணியாகப் பாவித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எதிரணித் தோழியின் கருத்தை நான் வன்மையாக மறுக்கிறேன்!"

மேசையில் ஒரு தட்டு. மூன்று நிமிடப் பேச்சில் நான்கு தடவை வன்மை, நான்கு தட்டு. பக்கத்து மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த சீனத் தாத்தா இரண்டாவது தட்டிலேயே எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் பேசுறே. ஆனா அவங்க சொன்னது ஏன் தப்புன்னு எங்கேயும் சொல்லலையேம்மா" என்றேன்.

"மாமா, மறுக்கிறேன்னு சொல்லிட்டேனே?"

"அது நீ ஒத்துக்கலைங்கிற தகவல். வெட்டு எங்கே?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப வெட்டுறதுக்கு என்ன வார்த்தை? சொல்லுங்க, அதையே போட்டுக்கிறேன்."

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஏனென்றால் தமிழில் வெட்டுவதற்கென்றே இருந்த சொற்களை நாம்தான் மழுக்கிவிட்டோம். 'கண்டனம்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் அதன் வேர் உடைப்பது, துண்டாக்குவது. எதிராளியின் வாதத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் போடும் நூல்தான் கண்டன நூல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் சமயச் சண்டைகளில் அச்சான கண்டனங்களில் பக்கம் பக்கமாக வாதம் இருக்கும், வசவும் இருக்கும், ஆனால் வாதம் இருக்கும். ஆறுமுக நாவலர் அருட்பாவை எதிர்த்து எழுதியதன் பெயரே 'போலியருட்பா மறுப்பு'. அங்கே மறுப்பு என்பது ஒரு முழு நூல். இன்றைக்குக் கண்டனம் என்றால் என்ன? ஒரு வரி அறிக்கை. வன்மையாகக் கண்டிக்கிறோம். முடிந்தது.

'நிராகரி'க்கும் அதே கதி. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் எழுதிய ஒரு சாத்திர நூலின் பெயர் 'சங்கற்ப நிராகரணம்'. பிற கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, எங்கே இடிக்கிறது என்று காட்டுவது அங்கே நிராகரணம். இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, வேலை அனுமதி நிராகரிக்கப்படுகிறது. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இது நம் குணம் மட்டுமில்லை. ஆங்கிலத்தில் ரெஃப்யூட்டும் இப்படித்தான் வழுக்கி டினை பக்கம் வந்துகொண்டிருக்கிறது, இலக்கணக்காரர்கள் அங்கேயும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிரூபிக்கும் உழைப்பு இல்லாமல் நிரூபித்த பெருமை மட்டும் வேண்டும் என்று எல்லா ஊர்க்காரர்களுக்கும் ஆசை, அவ்வளவுதான். என் வாடிக்கையாளர் மட்டும் என்ன பாவம் செய்தார்.

இதையெல்லாம் உயர்நிலை மூன்றுக்கு எப்படிச் சொல்வது? நன்னூலில் ஒரு சூத்திரம் சொன்னேன். எழுவகை மதம். மதம் என்றால் இங்கே சமயமில்லை, ஒரு நூலாசிரியன் பிறர் கருத்தோடு எப்படி நடந்துகொள்கிறான் என்கிற நிலைப்பாடு. பவணந்தி முனிவர் ஏழு சொல்கிறார். முதல் இரண்டு எளிது: உடன்படல், மறுத்தல். ஆமாம், இல்லை. மூன்றாவதுதான் விஷயம்:

"பிறர்தம் மதமேற் கொண்டு களைவே."

பிறர் கருத்தை முதலில் தான் மேற்கொள்ள வேண்டும். எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு களைய வேண்டும். மறுத்தலுக்கு ஒரு இடம், களைவுக்கு ஒரு இடம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார், பாருங்கள். பிறர் நூலில் குற்றம் காட்டுவது இன்னொன்று. எவனோடும் சேராமல் தன் கருத்தையே பிடித்துக்கொண்டிருப்பது ஏழாவது. நான் காலை எட்டு மணிக்குள் தேடிய வித்தியாசத்தை அந்த மனிதர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வகுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தொல்காப்பிய மரபியலில் வரும் உத்திகளிலும் "மறுதலை சிதைத்துத் தன்துணிபு உரைத்தல்" என்று ஒன்று உண்டு. முதலில் சிதை, அப்புறம் உன் முடிவைச் சொல். மேசையைத் தட்டு என்று எங்கேயும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 'மேற்கொண்டு'தான். சிவஞான சித்தியார் என்ற சைவ சாத்திர நூல் இரண்டு பாகம்: பரபக்கம், சுபக்கம். எதிராளியின் பக்கம் முதலில், நம் பக்கம் பிறகு. எதிராளி சொல்வதை அவரே தலையாட்டும்படி சொல்லத் தெரியாதவன் களைய ஆரம்பித்தால், களையோடு பயிரும் போய்விடும். ஒரு வேடிக்கை தெரியுமா? குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் நமக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. எஞ்சியிருக்கும் குண்டலகேசித் துணுக்குகளைத் தேடிப் போனால், அந்த நீலகேசியின் உரையிலும் போய்த்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரன் தொலைத்ததைப் பகையாளி பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறான்.

"மூணு நிமிஷத்துல நன்னூலா மாமா?" என்றாள் அக்கா மகள்.

அதுவும் சரிதான். அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா நன்னூல் படித்தவரில்லை. செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். வேலை முடிந்து சொங் பாங் கோப்பிக்கடையில் ஒரு தே தாரிக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) ஒரு மணி நேரம் உட்காருவார், ஞாயிறு என்றால் இரண்டு. அங்கே நடக்கும் தர்க்கங்களுக்கு அவரிடம் ஒரே ஒரு திறப்புதான்: "சரி, நீங்க சொல்றதையே வச்சுக்குவோம்." எவ்வளவு கோபமாக எதிராளி பேசினாலும் குரலை உயர்த்தாமல் இதைத்தான் சொல்வார். பேச்சுத் தமிழில் 'பிறர்தம் மதமேற்கொண்டு' என்பதற்கு இதைவிட நல்ல உரை நான் பார்த்ததில்லை. 'வச்சுக்குவோம்' என்று எடுத்து வைத்துக்கொண்டாயிற்று. அடுத்தது களைவு.

ஒரு தடவை அவரோடு வேலை பார்த்த ஒரு பெரியவருக்கும் அவருக்கும் மலேசியக் கிண்ணக் கால்பந்தில் வந்தது வினை. 1994 இறுதி ஆட்டம். சிங்கப்பூர் பஹாங்கை 4-0 என்று அடித்த ஆட்டம், அந்த வயதுக்காரர்களுக்கு அது வேதம். பெரியவர், ஆட்டம் இங்கே சிங்கப்பூரில், கல்லாங் தேசிய விளையாட்டரங்கில்தான் நடந்தது, நான் நேரில் பார்த்தேன், மழை வேறு பெய்தது என்று அடித்துச் சொன்னார். சுற்றியிருந்த நாலு பேரும் இல்லை இல்லை என்று கத்தினார்கள். பெரியவர் அசையவில்லை. எப்படி அசைவார்? நாலு பேர் மறுத்தார்கள், ஒருவரும் களையவில்லை.

அப்பா தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, "சரிண்ணே, நீங்க சொல்றதையே வச்சுக்குவோம். ஆட்டம் கல்லாங்லதான் நடந்துச்சு. நீங்களும் நேர்ல பார்த்தீங்க. அப்ப எங்க பெரியவன் அன்னைக்கு ஃபிரெண்டுங்களோட பஸ் ஏறி உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி மலேசியாவுக்கு எதுக்குப் போனான்? ஆட்டம் இங்கன்னா, அவன் அங்க யாரைப் பார்க்கப் போனான்?" என்றார்.

கூட்டம் சிரித்தது. பெரியவர், பையன் உன்னிடம் பொய் சொல்லியிருப்பான் என்றார். அது உடனடியாகத் தள்ள முடியாத வாதம்தான், அந்த வயதில் அண்ணன் சொல்லாத பொய் இல்லை. அப்பா பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். இரவு அலமாரியின் மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டின்னை இறக்கி, பிறப்புச் சான்றிதழ்களுக்கு அடியில் கிடந்த அண்ணனின் காலாவதியான கடப்பிதழை (பாஸ்போர்ட்) எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஜொகூர் முத்திரை இருந்தது. 17 டிசம்பர் 1994. அன்றைக்கு மலேசியாவின் ஷா ஆலமில்தான் இறுதி ஆட்டம்.

அக்கா மகளுக்கு இந்தக் கதை பிடித்திருந்தது. கைப்பேசி இருந்தால் பாடத்துக்குத் தகவல் உடனே தேடலாம் என்று எதிரணி சொல்கிறதா, "சரி, அப்படியே வைத்துக்கொள்வோம், வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தேடுகிறார்கள், அப்போது ஆசிரியரை யார் பார்க்கிறார்கள்?" என்று அவளாகவே ஒன்றை ஜோடித்தாள். மேசையைத் தட்டவில்லை. 'வன்மையாக' மட்டும் ஒரே ஒரு தடவை வரட்டும், டீச்சருக்குப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டாள். நான் ஆட்சேபிக்கவில்லை. என் அறிக்கையிலும் ஒன்று போயிருக்கிறதே. அவர்கள் அணி அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. எதிரணியிலும் ஒரு பெண் 'வைத்துக்கொள்வோம்' என்று ஆரம்பித்தாளாம்.

"அப்புறம் தாத்தாகூட சண்டை போட்டவர் என்ன சொன்னார்? தோத்துட்டாரா?" என்று போன வாரம் போனில் கேட்டாள்.

மறுநாள் அப்பா கடப்பிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கோப்பிக்கடைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன், எனக்கு இதைப் பார்க்க ஆசை. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், முத்திரையைக் கட்டை விரலால் தேய்த்துக்கூடப் பார்த்தார். மேசையில் எல்லோரும் சும்மா இருந்தார்கள். கடப்பிதழை மூடி அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேற மேட்ச்" என்றார்.

அப்பா அவருக்கும் ஒரு தே தாரிக் சொன்னார்.